மடுவத்து ஆயம்மா மேல் சந்தேகம்: தாய் என்ன செய்யலாம்?

கேள்வி:

நான் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். மூத்தவன் பாடசாலைக்குப் போகிறான். சின்னவளுக்குப் பத்து மாதம். காலை ஆறரைக்கு அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். இடையில் பால் கொடுக்க வருவேன். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்துதான் தூக்கிக்கொண்டு போவேன்.

மடுவத்து ஆயம்மா என் வீட்டுக்காரருக்கு அத்தை முறை. நல்ல மனுஷி. மூத்தவனையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளாக அவரிடம் ஒரு மாற்றம். காலையில் பக்கத்தில் போனால் வாடை அடிக்கிறது. சாராயமா, கசிப்பா, ஏதாவது மருந்தா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை நடுங்குகிறது. போன கிழமை பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தபோது தொட்டிலில் பிள்ளைகள் கத்திக்கொண்டு கிடக்க, அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் கண் விழித்தார். "ராத்திரி தூக்கமில்ல புள்ள" என்றார். அவருடைய மகன் தூள், மாத்திரை என்று திரிகிறவன் என்று லயத்தில் பேச்சு.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒறமொறையில வம்பு இழுக்காத" என்கிறார். தலைவரிடம் சொன்னால் அது சங்கப் பிரச்சினையாகிவிடும். ஆயம்மா வேறு சங்கம். பெரிய துரையிடம் போனால் அவருக்கு வேலை போய்விடும், அந்தப் பாவம் என் தலையில். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் எனக்குப் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. எதையும் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் யாரிடம், எப்படிச் சொல்வது?

– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்:

சகோதரி, நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயம்மா குடித்தாரா, என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை. அதைப் பரிசோதித்துச் சொல்ல டொக்டர் இருக்கிறார். நீங்கள் கண்ணால் கண்டது ஒன்று உண்டு: பகல் பத்து மணிக்கு, கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்த அறையில், பொறுப்பாக இருந்த பெரியவர் மூன்று முறை கூப்பிட்ட பிறகே எழுந்தார். முறையிட இது போதும். காரணம் தூக்கமின்மையோ, சீனி வருத்தமோ, சாராயமோ, எதுவானாலும் அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. இனி நீங்கள் பேசும் ஒவ்வொரு இடத்திலும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். "ஆயம்மா குடிக்கிறார்" என்று தொடங்கினால் பேச்சு அவருடைய மானத்தைப் பற்றியதாகிவிடும். உறவும் சங்கமும் அவருக்காக எழுந்து நிற்கும். "பிள்ளைகள் அழும்போது மூன்று முறை கூப்பிட்டுத்தான் எழுப்ப முடிந்தது" என்று தொடங்கினால் பேச்சு பிள்ளைகளைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கு எதிராக நிற்க எந்தச் சங்கத்துக்கும் காரணம் இல்லை.

வாடையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

நடுங்கும் கை, குழறும் பேச்சு, தூக்கக் கலக்கம், ஒரு மாதிரி வாடை. இவை குடிக்கும் பொருந்தும், குடியே இல்லாத பல சங்கடங்களுக்கும் பொருந்தும். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். பார்ப்பவர் வெறி என்றே நினைப்பார். சீனி கட்டுக்கடங்காமல் ஏறினாலோ மூச்சில் அழுகிய பழம் போல ஓர் இனிப்பு வாடை வரும். தடிமனுக்கும் அரிப்புக்கும் நாம் யோசிக்காமல் போடும் பிரிட்டன் மாத்திரை ஆளை அடித்துப்போட்டதுபோல் தூங்கவைக்கும். உடம்பு நோவுக்கு வாங்கிக் குடிக்கும் ஆயுர்வேத அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயல்பாகவே மதுசாரம் ஊறியிருக்கும், வாயிலும் அது மணக்கும். கன்னத்தில் வெற்றிலையையும் புகையிலையையும் அடக்கிக்கொண்டு பேசினால் யாருக்கும் வாய் குழறும். பாக்கு அதிகமானால் முகம் சிவந்து, வியர்த்து, தலை சுற்றும். வீட்டில் ஒருவர் இரவு முழுக்கக் குடித்துவிட்டுச் சண்டை போட்டால், குடிக்காதவர் சேலையிலும் வாடை இருக்கும், கண்ணிலும் தூக்கம் இருக்கும்.

அதே சமயம், இது குடியாகவே இருக்கவும் கூடும். உடம்பு மதுசாரத்தைத் தன் வேகத்தில்தான் கழிக்கும். இரவு பதினொரு மணி வரை நிறையக் குடித்தவருக்கு விடிந்து ஆறரைக்கும் போதை முழுதாக இறங்கியிருக்காது. பச்சைத் தண்ணீரில் குளிப்பதாலோ சாயத் தேத்தண்ணி குடிப்பதாலோ அது சீக்கிரம் இறங்கிவிடாது. கசிப்பு என்றால் கணக்கே இல்லை. அதன் காரம் காய்ச்சியவருக்கும் தெரியாது. காலையில் கை நடுங்கி, கொஞ்சம் குடித்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது என்றால், உடம்பு மதுவை நம்பி நடக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மகனைப் பற்றிய லயப் பேச்சை விட்டுவிடுங்கள். அது நீங்கள் கண்டதில்லை. மகன் செய்வதற்குத் தாயிடம் கணக்குக் கேட்பதும் முறையில்லை. நீங்கள் கொடுக்கும் முறைப்பாட்டில் அந்த ஒரு வரி இருந்தால், மற்றெல்லா வரிகளையும் வம்பு என்று ஒதுக்கிவிட அதுவே சாக்காகும்.

எதற்குப் பொறுக்கக் கூடாது, எதற்குப் பொறுக்கலாம்

பால் குடித்த பிள்ளைக்குப் புரைக்கேறினால் பல நேரம் சத்தமே வராது, பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியும். தவழும் பிள்ளை வெந்நீர்க் கேத்தலை எட்டிப் பிடிக்க ஒரு நிமிடம் போதும். தேயிலை மலையில் குளவி கலைந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும். பெருமழையில் மண் சரிந்தால் எல்லாரையும் வெளியே கொண்டுபோக வேண்டும். மடுவத்தில் இருப்பவர் விழிப்பாக இருப்பதுதான் அந்த வேலையின் பாதி.

ஆகவே, நடக்க முடியாமல் தள்ளாடுகிறார், எழுப்பினாலும் எழும்பவில்லை, பிள்ளையைத் தூக்கும்போது பிடி நழுவுகிறது, பிள்ளைகளை அடிக்கிறார் அல்லது உலுக்குகிறார், மடுவத்துக்குள்ளேயே போத்தலோ பொட்டலமோ கிடக்கிறது – இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே, அந்த நிமிடமே நடவடிக்கை வேண்டும். உங்கள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மற்றத் தாய்மார் மலையில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரை மடுவத்தில் நிற்கவைத்துவிட்டு, தோட்டத்து டிஸ்பென்சருக்கும் வெல்பெயார் உத்தியோகத்தருக்கும் ஆள் அனுப்புங்கள். ஆயம்மா எழும்பவில்லை என்றால் குடி என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பக்கவாதமாகவோ சீனி இறங்கியதாகவோ இருக்கலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அடுத்த நிலை: அடையாளங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, இதுவரை யாருக்கும் அடிபடவில்லை. இதைத் தள்ளிப்போடக் கூடாது; இந்தக் கிழமைக்குள் முறையிட வேண்டும். ஆனால் எழுத்தில், நிதானமாகச் செய்யலாம்.

ஆயம்மா பின்னேரம் தன் வீட்டில் எதைக் குடிக்கிறார், எதை மெல்லுகிறார் என்பது மடுவத்தின் விஷயமே இல்லை. மறுநாள் காலை அதன் பாதிப்போடு வந்து நின்றால்தான் விஷயம்.

பிள்ளையிடம் கவனிக்க வேண்டியது

சந்தேகம் வந்தால் எல்லாரும் ஆயம்மாவையே பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளையையும் பாருங்கள். பின்னேரம் தூக்கும்போது காலையில் கட்டிய நப்கினே நனைந்து கிடக்கிறதா, கொடுத்துவிட்ட சாப்பாடு அப்படியே இருக்கிறதா, உடம்பில் காரணம் தெரியாத காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறதா, எழுப்பினாலும் தலை தொங்குகிறதா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. பராமரிக்கிறவர் களைத்துப்போனால் பிள்ளையைத் தூங்கவைக்க மருந்து தேடுவது பழைய பழக்கம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளுக்கு ‘கோட்ஃப்ரீஸ் கோர்டியல்’ என்ற அபின் கலந்த பாணியைக் கொடுத்துக் கிடத்தினார்கள். அதிலேயே இறந்த குழந்தைகள் பல. பம்பாய்ப் பஞ்சாலைக் குடியிருப்புகளிலும் கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஆலைகளில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்ற குரல் அங்கே வலுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அபின் இல்லை. தடிமனுக்கும் இருமலுக்கும் கொடுக்கும் பாணி மருந்து இருக்கிறது. டொக்டர் எழுதித் தராமல் கைக்குழந்தைக்கு அதில் ஒரு கரண்டியும் கொடுக்கக் கூடாது. உங்கள் ஆயம்மா அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை அப்படிக் கிடந்தால் மறுநாள் வரை பார்க்காமல் உடனே லிந்துலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், "மடுவத்தில் ஏதாவது கொடுத்திருக்கலாம்" என்று டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் எதைத் தேடுவது என்று முடிவு செய்வார்.

வெற்றிலைப் பையும் கவனிக்க வேண்டியதே. வயதான பெண்களில் பலருக்கு வெற்றிலை இல்லாமல் பொழுது போகாது. அதற்காக யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனால் தவழும் பிள்ளை எதையும் வாயில் போடும். விழுங்கிய புகையிலைத் துண்டு குழந்தைக்கு விஷம்: வாந்தி எடுக்கும், எச்சில் வடியும், முகம் வெளிறும், பிறகு சோர்ந்துவிடும். நிறமும் வாசனையும் இனிப்பும் சேர்த்த மெல்லும் புகையிலை வகைகள் இலங்கையில் 2016இல் தடை செய்யப்பட்டவை. மலையகக் கடைகளில் ‘பாபுல்’ பக்கற்றுகள் மறைவில் கைமாறுவது உங்களுக்கும் தெரியும். மடுவத்துக்குள் அது வரவே கூடாது. வெற்றிலைப் பை பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும்.

எழுதி வையுங்கள்

ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். நாள், நேரம், கண்டது, கேட்டது, உடன் இருந்தவர் – இவ்வளவுதான். இப்படி:

"செவ்வாய், காலை 10.05. பால் கொடுக்கப் போனேன். தொட்டிலில் இரண்டு பிள்ளைகள் அழுதன. ஆயம்மா சுவரோரம் தூங்கினார். மூன்று முறை கூப்பிட்டேன். எழும்பியதும், ‘ராத்திரி தூக்கமில்ல’ என்றார். பக்கத்து லயத்து அக்காவும் வந்திருந்தார்."

‘வெறியில் கிடந்தார்’ என்று எழுதாதீர்கள். அது முடிவு. ‘கண் சிவந்திருந்தது, பேச்சு விளங்கவில்லை, மூச்சில் புளித்த வாடை’ என்பது நீங்கள் கண்டது. விசாரணை என்று வந்தால் உங்களுக்குத் துணை இந்தக் கொப்பிதான். பார்க்கும் சந்தர்ப்பமும் உங்களுக்குச் சட்டப்படியே உண்டு. 1939இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை தருகிறது. மடுவம் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு மாதம் இது உண்டு. இரண்டையும் விடாமல் எடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் போகாதீர்கள்.

போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். தூங்கும் ஆயம்மாவின் வீடியோ வட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் பிறகு அதை யாராலும் இறக்க முடியாது. பின்னால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளின் முகமும் ஊரெல்லாம் போகும். அவருக்குச் சீனி வருத்தம் என்று பிறகு தெரியவந்தால், நீங்கள் லயத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது. "எங்க, ஊதிக் காட்டுங்க" என்று கேட்கும் வேலையும் வேண்டாம். ஊதவைப்பது றோட்டில் வாகனம் ஓட்டுகிறவர்களிடம் பொலிஸார் செய்வது. மடுவத்துக்கு அது தேவையும் இல்லை.

அவரிடமே பேசலாமா?

நீங்கள் குறிப்பிட்ட நிலையில் பேசலாம். உறவுமுறை இங்கே தடையல்ல, வழி. ஆனால் மடுவத்து வாசலில், மற்றத் தாய்மார் முன்னால் வேண்டாம். பின்னேரம் வீட்டுக்குப் போய், தனியாக. குற்றம் சாட்டுவதற்குப் போகாமல் விசாரிக்கப் போங்கள்:

"அத்தை, கொஞ்ச நாளா ஒங்க ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு. கை நடுங்குது. அன்னைக்குக் கூப்புட்டப்ப ஒடனே எழும்பல, எனக்குப் பயமாப் போச்சு. டிஸ்பென்சர்கிட்ட ஒரு தரம் காட்டுவோமா? நானும் கூட வாறேன்."

இதற்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சீனி வருத்தமோ பிரஷரோ என்றால் சொல்லிவிடுவார். வீட்டில் அடி உதை என்றால் அழுதுவிடுவார். அப்போது 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். கோபப்பட்டால் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பதில் வந்தாலும், "சரி, இனி யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த அறையில் மற்றவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர் பிள்ளையை அடித்ததையோ, மடுவத்தில் குடித்ததையோ நீங்கள் கண்டிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். நேரே முறைப்பாடுதான்.

யாரிடம் சொல்வது?

மடுவம் யாருடையது என்பதிலிருந்து பார்க்க வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன அதே ஆண்டில்தான், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று சொல்லப்படும் அமைப்பும் தொடங்கியது. தோட்டத்தில் ‘ட்ரஸ்ட்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். பழைய பிள்ளை மடுவங்கள் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பலகை மாற்றிக்கொண்டன, பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். ஆகவே மடுவத்தில் நடப்பதற்குத் தோட்ட நிர்வாகமும் பொறுப்பு, ட்ரஸ்டும் பொறுப்பு.

உங்கள் மடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அடுத்து வெல்பெயார் உத்தியோகத்தர், டிஸ்பென்சர், குடும்ப நல மாது ஆகியோரில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர். குடும்ப நல மாது பிள்ளைகளை நிறுக்க எப்படியும் வருவார். அவர் கேட்டால் அது சாதாரணச் சுகாதார விசாரிப்பாகவே இருக்கும், யாருக்கும் உறுத்தாது. மூன்று நாலு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தோட்ட முகாமையாளரான பெரிய துரைக்கு எழுத்தில் கொடுங்கள். ட்ரஸ்டின் பிராந்திய அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கடிதம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: எந்த நாள், எந்த நேரம், என்ன கண்டோம், ஆயம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனையும் ஓய்வும் கொடுங்கள், அதுவரை மடுவத்தில் இன்னொருவரையும் சேர்த்து நிறுத்துங்கள். இந்தக் கடைசி வேண்டுகோள் முக்கியம். தண்டனை கேட்கும் கடிதத்தைப் பார்த்தால் நிர்வாகம் சாட்சி தேடும். ஆள் கேட்கும் கடிதத்துக்கு அன்றே பதில் சொல்லலாம்.

சங்க விவகாரத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். மடுவத்தில் பிள்ளை விடும் தாய்மாரில் உங்கள் சங்கத்து இரண்டு பேர், ஆயம்மாவின் சங்கத்து இரண்டு பேர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதர் சங்கத் தலைவிகளும் ஒன்றாகப் போய்க் கொடுத்தால் அதைச் சங்கச் சண்டை என்று எந்தத் தலைவராலும் சொல்ல முடியாது. பெண்கள் கூடிப் பேசும்போது, இன்னும் இரண்டு பேர் இதையே கண்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்ததும் தெரியவரலாம்.

தோட்டத்துக்குள் காது கேட்க ஆள் இல்லை என்றால், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நேரில் போய்ச் சொல்லலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இரவு பகல் இயங்குகிறது. தமிழில் பேசலாம், பெயர் வெளியே வர வேண்டாம் என்றும் சொல்லலாம். பிள்ளைக்கு அடிபட்டிருந்தாலோ ஆபத்து கண்முன் இருந்தாலோ மேலே சொன்ன படிகளில் ஏற வேண்டியதில்லை. முதல் அழைப்பே 1929க்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்கோ போகலாம்.

"வேலை போய்விடுமே"

இதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. இதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே துன்புறுத்துவதையும் கவனிக்காமல் கைவிடுவதையும் குற்றமாக்குகிறது; இரண்டிலிருந்து பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. களைத்துத் தூங்கியவர்மேல் அந்தப் பிரிவைப் போடுவது எளிதல்ல. ஆனால் ஒரு பிள்ளை வெந்நீரில் வெந்துபோன பிறகு, ஆயம்மா மதுவில் இருந்தார் என்று தெரியவந்தால், பொலிஸாரும் நீதிமன்றமும் வேறு விதமாகப் பார்க்கக்கூடும். இன்று சொன்னால் அவருக்குக் கிடைக்கக்கூடியது மருந்தும் ஓய்வும் இலேசான வேறு வேலையும். விபத்துக்குப் பிறகு சொன்னால் வழக்கு. ஆயம்மாவின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர் சீக்கிரம் பேசத்தான் வேண்டும்.

அது குடிதான் என்றால் வைத்தியம் இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அதன் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம், அருகில் எங்கே சிகிச்சை என்றும் கேட்கலாம். மகனுக்கும் அதே இலக்கம்தான். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு லிந்துலையிலிருந்தே துண்டு எழுதி அனுப்புவார்கள். தினமும் நிறையக் குடிப்பவரை, "நாளையிலிருந்து ஒரு சொட்டும் தொடாதே" என்று வீட்டில் அடைத்துவைப்பது மட்டும் ஆபத்து. பழகிய உடம்பிலிருந்து மதுவைத் திடீரென எடுத்தால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சிலருக்கு உயிரே போகலாம். டொக்டரிடம் காட்டி, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். கோயிலில் சத்தியம் வாங்க நினைக்கும் உறவுக்காரர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். சத்தியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, வைத்தியத்துக்குப் பிறகு வாங்கட்டும்.

சிகிச்சை முடித்து ஆயம்மா திரும்பினால் மடுவத்துக்கே வரலாமா என்று கேட்பீர்கள். டொக்டர் சரி என்றால் வரலாம். முதல் சில மாதம் தனியாக இருக்கக் கூடாது.

இந்த ஒருவரோடு முடியாதது

ஆயம்மா நாளைக்கே மாறினாலும், வருகிறவரும் அதே அறையில், அத்தனை பிள்ளைகளோடு, தேத்தண்ணி குடிக்கக்கூட ஆள் மாற்றாமல் இருந்தால் ஒரு நாள் அவரும் சுவரில் சாய்வார். குடிக்காதவருக்கும் காய்ச்சல் வரும், வீட்டில் சாவு விழும், தூக்கம் கெடும். "இன்றைக்கு என்னால் முடியாது" என்று ஆயம்மா வாய்விட்டுச் சொன்னால், பேர் வெட்டாமல் மாற்று ஆள் அனுப்பும் வழி உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் அவர் மறைக்கத்தான் செய்வார்.

இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் இடங்களுக்கு அரசே எழுதி வைத்திருக்கும் விதிகளில் இது ஒன்று: பிள்ளைகளைப் பார்க்கும் திறனைக் குறைக்கும் மதுவோ வேறு எந்தப் பொருளோ உடம்பில் இருக்கும்போது யாரும் வேலையில் நிற்கக் கூடாது, அந்தத் திறனைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுப்பவர் மருத்துவ ஆலோசனை கேட்டுக்கொள்ள வேண்டும், ஊழியர்களின் மருந்துகள் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி இருக்க வேண்டும். சாராயமும் பிரிட்டனும் அங்கே ஒரே விதிக்குள் வருகின்றன. யாரையும் குடிகாரர் என்று சொல்லாமலே பிள்ளையைக் காக்க அந்த விதியால் முடிகிறது. நமது மடுவச் சுவரிலும் இதை எழுதி ஒட்டுவதற்குக் காசு செலவில்லை.

அடுத்த முறை பிள்ளைகளை நிறுக்கும் நாளில் குடும்ப நல மாதும் வெல்பெயார் உத்தியோகத்தரும் தாய்மாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அன்று நாலு விஷயத்தைக் கேளுங்கள்: எந்த நேரமும் மடுவத்தில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஆயம்மாவுக்கு முடியாத நாளில் பேர் வெட்டாமல் மாற்று ஆள் வர வேண்டும், டிஸ்பென்சரின் போன் இலக்கமும் 1990, 1929 இரண்டும் கதவில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும், பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் யார், எப்போது, எவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆயம்மாவின் பெயரைச் சொல்லாமலே இந்த நாலையும் கேட்கலாம். அவரையும் கூட்டத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள். மாற்று ஆள் வேண்டும் என்பதை எல்லாருக்கும் முதல் அவரே ஆதரிக்கக்கூடும்.